சிகாமட் அதிர்வு: லாபிஸ் வட்டாரத்தார் கண்டதும் கேட்டதும்

ஓய்வுபெற்ற ஆசிரியை, லாபிஸ்

அனைவருக்கும் வணக்கம். 2025 ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை காலை 6.13 மணிக்கு மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சிகாமட்டுக்கு அருகே 4.1 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தை நம் வட்டாரத்தில் பலர் உணர்ந்தோம். செய்தித்தாளில் வந்தது எல்லாருக்கும் தெரியும். உங்கள் வீட்டில், வேலையிடத்தில் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், இதற்கு முன்னர் வேறு ஊரில் இதைச் சந்தித்தவர்கள் அங்கே எதைக் கற்றார்கள் என்பதை இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் என் அனுபவம். வெளியே இன்னும் விடியவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஏதோ ஒன்று வாசல் தூணில் மோதிவிட்டது போன்ற ஓசை கேட்டது. சன்னல் கண்ணாடிகள் சில நொடிகள் நடுங்கின. சாமி மேடையில் இருந்த சிறிய விளக்கு சாய்ந்தது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், கடல் வருமா?" என்று கேட்டார். 2004 டிசம்பர் 26-இல் கெடா, பினாங்கு கரைகளில் அலை ஏறி நம் நாட்டில் 68 பேர் இறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து நிலநடுக்கம் என்றாலே அவருக்குக் கடல்தான். கடலுக்கடியில் நெடுந்தூரத்திற்குத் தரை மேலெழும்பினால்தான் அத்தகைய அலை பிறக்கும் என்றும், நம் ஊர் உள்நாட்டில் இருக்கிறது, வந்த அதிர்வும் சிறியது என்றும் விளக்கினேன். அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் 2004-இன் 9.1 நம்முடைய 4.1-ஐவிட மூன்று கோடி மடங்குக்கும் மேல் பெரியது. பாட்டி கணக்கைக் கேட்டுக்கொள்ளவில்லை. "வராது" என்று நான் உறுதியாகச் சொன்ன பிறகே உள்ளே போனார்.

கோலாலம்பூரில் வேலை செய்பவர், சொந்த ஊர் லாபிஸ்

டீச்சர், எனக்கும் என் அம்மாவுக்கும் நேர்ந்தது ஒன்றுக்கொன்று தலைகீழாக இருப்பதால் எழுதுகிறேன். 2022 பிப்ரவரி 25 காலை மேற்குச் சுமத்ராவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது நான் அடுக்குமாடி அலுவலகமொன்றின் மேல்தளத்தில் இருந்தேன். ஓசை எதுவும் இல்லை. தொங்கும் விளக்குகள் மெதுவாக ஆடின, தண்ணீர்ப் புட்டியில் நீர் சாய்ந்து சாய்ந்து எழுந்தது, சிலருக்குத் தலை சுற்றியது. நிர்வாகத்தினர் எல்லாரையும் படிக்கட்டு வழியாக இறங்கச் சொன்னார்கள். இறங்கியவர்கள் கூடி நின்ற இடமோ கண்ணாடிச் சுவருக்கு நேர் கீழே. அதே நேரத்தில் லாபிஸில் தரையோடு இருந்த வீட்டில் அம்மா எதையும் உணரவில்லை. இந்த ஆகஸ்டில் அம்மா பதறிப்போய் அழைத்தார். கோலாலம்பூரில் நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். எங்கோ நடந்த பெரியது எனக்குத் தெரிகிறது, அருகில் நடந்த சிறியது அவருக்குத் தெரிகிறது. இதன் காரணத்தை விவரமறிந்தவர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

செம்பனை ஆலை மேற்பார்வையாளர், லாபிஸ் வட்டாரம்

நான் எழுதப்போவது என் அனுபவத்தைவிட எங்கள் ஆலை வாசலில் காவல் காக்கும் ஜாகாவின் அனுபவம். அவர் நேபாளத்துக்காரர், கோர்க்கா மாவட்டத்தைச் சேர்ந்தவர். அன்று காலை இரவுப் பணி முடியும் தறுவாயில் தரை குலுங்கியதும், அலுவலகக் கட்டடத்திலிருந்த ஐந்தாறு பேர் கதவை நோக்கி ஓடினார்கள். ஜாகா மட்டும் தம் சாவடியின் மேசைக்கு அடியில் மண்டியிட்டு, ஒரு கையால் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கழுத்தை மறைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. குலுக்கல் நின்றதும் அவரே எழுந்து வந்து, கொதிகலன் பகுதியில் எவரும் இருக்கிறார்களா, எரிவாயுக் குழாய் கசிகிறதா என்று பார்க்கச் சொன்னார். சிரித்தவர்களுக்கு அப்படிப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

பிறகு தேநீர் நேரத்தில் அவரிடம் பேசினேன். 2015 ஏப்ரல் 25, நண்பகலை நெருங்கும் வேளையில் 7.8 அளவிலான நிலநடுக்கம் அவருடைய மாவட்டத்தின் பார்ப்பாக் பகுதியில் தொடங்கியது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். அவருடைய கல் வீடு சரிந்தது. அன்று சனிக்கிழமை, அங்கே பள்ளி விடுமுறை. அதனால்தான் தம் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்றார். இடிந்த வகுப்பறைகள் ஆயிரக்கணக்கானவை. ஆனால் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் முன்னதாகவே வலுப்படுத்தப்பட்ட அரசுப் பள்ளிகள் பல நின்றன என்பதையும் அவர் சொன்னார். அந்த வேலையைத் தொடங்கி வைத்தது 1993-இல் உருவான நேபாளத் தேசிய நிலநடுக்கத் தொழில்நுட்பச் சங்கம். பொறியியலாளர்கள் தொடங்கிய சங்கம்தான், ஆனாலும் அவர்கள் கருத்தரங்கு நடத்தி, கட்டுரை வெளியிட்டுத் தங்களுக்குள் பேசி முடித்துவிடவில்லை. கொத்தனார்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள், பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள், ஊர் மைதானங்களில் மக்கள் கண்முன்னே வீடுகளை ஆட்டிக் காட்டினார்கள்.

இந்த ஆட்டிக் காட்டுவதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதிரும் மேடை ஒன்றின்மேல் இரண்டு சிறிய வீடுகளை அருகருகே கட்டுவார்களாம். இரண்டிற்கும் அதே கல், அதே மண். ஒன்றில் ஊர் வழக்கப்படி கல்லை அடுக்கியிருப்பார்கள். மற்றொன்றில் சன்னலுக்குக் கீழேயும், நிலைக்கு மேலேயும், கூரைக்கு அடியிலும் சுவர் நெடுகச் சுற்றி வரும் கிடைப்பட்டைகள் இருக்கும். சுவரின் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் இணைத்து நிற்கும் நீளமான கட்டுக்கற்கள் இடையிடையே இருக்கும். மூலைகள் தைத்ததுபோல் பிணைக்கப்பட்டிருக்கும். மேடையை ஆட்டினால் முதல் வீடு சில நொடிகளில் மண்ணாகும். இரண்டாவது விரிசல் விடும், ஆனால் நிற்கும். பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், "அப்படியானால் இத்தனை காலம் எங்களைக் கொன்றது எங்கள் சுவர்தானா?" என்று கேட்டதாக ஜாகா சொன்னார். ஜாகா அப்போது கொத்து வேலைக்குக் கையாளாக இருந்தவர்; பட்டை எத்தனை அங்குலம் என்பதைக் கையால் அளந்து காட்டும் அளவுக்கு அது மனத்தில் பதிந்திருக்கிறது.

இன்னொன்று. 1934 ஜனவரி 15-இல் அங்கு ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தின் நினைவாக அவர்கள் நாட்காட்டியில் மாக மாதம் 2-ஆம் நாளை நிலநடுக்கப் பாதுகாப்பு நாளாக ஒவ்வோர் ஆண்டும் கடைப்பிடிக்கிறார்கள். ஊர்வலம், கண்காட்சி, பள்ளி ஒத்திகை எல்லாம் உண்டு. மேசைக்கு அடியில் மண்டியிடும் பழக்கம் அவருக்கு வந்தது அந்த ஒத்திகைகளிலிருந்துதான். நம் ஆலையில் தீ ஒத்திகை முறையாக நடக்கிறது. நிலம் அதிர்ந்தால் என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் ஒரு வரி சொன்னதில்லை. வாசலில் நிற்கும் மனிதருக்குத் தெரிந்தது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவில்லை.

கட்டுமானப் பொறியியலாளர், சிகாமட்

கோலாலம்பூர்த் தம்பியின் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். எந்தக் கட்டடத்திற்கும் இயல்பான ஆட்டக் காலம் ஒன்று உண்டு. தோராயமாக ஒரு தளத்திற்கு ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இருபது தளக் கட்டடம் ஒருமுறை ஆடி வர இரண்டு நொடி ஆகும், ஒற்றைத் தள வீட்டுக்குக் கண் இமைக்கும் நேரம் போதும். சுமத்ராவிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருவதற்குள் விரைவான அதிர்வுகள் பாறையில் தேய்ந்துபோகின்றன. மெதுவான நீண்ட அலைகளே எஞ்சி, உயரமான கட்டடங்களை, குறிப்பாக மென்மண் மீது நிற்பவற்றை, ஆட்டுகின்றன. 1985 செப்டம்பர் 19-இல் நிலநடுக்க மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த மெக்சிகோ நகரம் பழைய ஏரிப்படுகையின்மேல் நின்றதால் சிதைந்ததும் இதே காரணத்தால்தான். சிகாமட்டில் நடந்தது ஆழம் குறைந்த, அருகிலேயே நிகழ்ந்த சிறிய வெடுக்கென்ற குலுக்கல். அதன் வேகமான அதிர்வு தாழ்வான வீடுகளில்தான் தெரியும். ஆகவே அம்மாவும் மகனும் உணர்ந்தவை இரண்டுமே சரி.

தீபகற்பத்தில் இது முதன்முறையும் அன்று. 2007 நவம்பர் இறுதியிலிருந்து பகாங், புக்கிட் திங்கியில் சிறு நடுக்கங்கள் தொடர்ச்சியாகப் பதிவாயின. நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான ஐரோப்பிய விதிமுறையின் மலேசியத் தேசிய இணைப்பு 2017-இல் வெளிவந்துவிட்டது. ஆனால் நம் ஊரில் உள்ள வீடுகளில் பெரும்பாலானவை அதற்கு முன் எழுந்தவை என்பதையும், விதிமுறையை வாசிப்பவர்கள் என்னைப் போன்றவர்கள் மட்டுமே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்தியாவில் ரூர்க்கியில் 1962 முதல் நிலநடுக்கத் தொழில்நுட்பச் சங்கம் இயங்குகிறது; கான்பூர் ஐஐடியில் உள்ள நிலநடுக்கப் பொறியியல் தேசியத் தகவல் மையம், கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் புரியும் வகையில் படங்களோடு சிறு குறிப்புகளை வெளியிட்டது. மேற்பார்வையாளர் அண்ணன் சொன்ன நேபாளச் சங்கம் இன்னும் ஒரு படி இறங்கி மைதானத்திற்கே வந்தது. நமக்கு வேண்டியது இப்படி மக்களிடமே இறங்கி வரும் வகை என்பதே என் கருத்து. நாளிதழில் வரைபடம் போட்டுப் பிளவுக்கோட்டின் பெயரைச் சொல்வதால் பாட்டிக்கு ஒரு பயனும் இல்லை.

அதிர்வுக்குப் பிறகு என்னை வந்து பார்க்கச் சொன்ன வீடுகளில் பெரும்பாலும் கண்டது பழைய விரிசல். அதற்குள் தூசியும் சாயமும் சிலந்திவலையும் இருந்தால் அது புதியது அல்ல. பூச்சில் மட்டும் மயிரிழையாக ஓடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். செங்கல்லின் இணைப்பைப் பின்பற்றிப் படிக்கட்டு போல் சாய்வாக ஏறுவதும், தூண் உத்தரம் சேரும் இடத்தில் திறப்பதும் கவனிக்க வேண்டியவை. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். நீள்கிறதா என்பது தானே தெரியும். எனக்கு உண்மையில் அச்சம் தருவது தாமான் வீடுகளின் பின்புறம் சமையலறைக்காக இழுத்துக் கட்டிய சுவர்கள். தூணோ பட்டையோ இல்லாமல், பழைய சுவரோடு பிணைப்பும் இல்லாமல் உயரமாக எழுப்பிய ஒற்றைச் செங்கல் தடிமனுள்ள சுவர்களின்மேல் தண்ணீர்த் தொட்டியையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பழைய லயத்து மரவீடு இதைவிடப் பாதுகாப்பானது என்றால் பலர் நம்புவதில்லை.

சபாவில் பணியாற்றிய ஆசிரியர், தற்போது சா'ஆ

2015 ஜூன் 5, காலை 7.15 மணிக்கு நான் ரானாவ் பக்கம் இருந்தேன். 6.0 அளவு. கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து மலையேற வந்திருந்த பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுக்குத் துணையாக இருந்த உள்ளூர் மலை வழிகாட்டிகளும் அவர்களுள் அடங்குவர். எங்கள் விடுதியில் புத்தக அலமாரி கட்டிலின்மேல் சாய்ந்தது. நல்லவேளையாக அதில் எவரும் படுத்திருக்கவில்லை. அதன் பின் நான் பணியாற்றிய எந்தப் பள்ளியிலும் அலமாரியைச் சுவரோடு கோணத்தகடு போட்டு முடுக்கும்படி முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவேன். செலவு ஒரு தட்டுச் சோற்றுக்கு மேல் ஆகாது. பொறியியலாளர் ஐயா, வீட்டைப் பற்றி எழுதினீர்கள். பொருள்களைப் பற்றியும் சொல்லுங்கள். கதவு நிலையின் கீழ் நிற்பதா, மேசையடியா, கட்டிலுக்குப் பக்கத்தில் முக்கோண இடத்தில் படுப்பதா என்று வாட்ஸாப்பில் ஆளுக்கொன்று அனுப்புகிறார்கள்.

கட்டுமானப் பொறியியலாளர், சிகாமட்

ஆசிரியர் ஐயா, கதவு நிலை பழைய மண்சுவர் வீடுகளுக்குச் சொன்ன ஆலோசனை. இன்றைய வீட்டில் நிலை மற்றச் சுவரைவிட வலுவானது அல்ல, ஆடும் கதவு விரலை நசுக்கும். முக்கோண இடம் என்பதை நிலநடுக்கப் பாதுகாப்பு அமைப்புகள் ஏற்பதில்லை. மேசைக்கு அடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்வதே முறை. படுக்கையில் இருந்தால் அங்கேயே தலையணையால் தலையை மூடிக்கொள்ளலாம். வெளியே இருந்தால் சுவர், கண்ணாடி, மின்கம்பி ஆகியவற்றிலிருந்து விலகி நில்லுங்கள். இன்ன நாள், இன்ன மணிக்கு அடுத்தது வரும் என்று வரும் செய்தி எதுவாயினும் அழித்துவிடுங்கள். அவ்வாறு முன்கூட்டிச் சொல்ல உலகில் எவராலும் இயலாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, லாபிஸ்

அதே வாரம் புதன்கிழமை காலை மீண்டும் 3.2 அளவில் அதிர்வு வந்தபோது பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். என் பேத்தியின் வகுப்பில் சிலர் மேசைக்கு அடியில் போனார்கள், சிலர் வாசலுக்கு ஓடினார்கள், ஆசிரியை இரு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றாராம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசவிருக்கிறோம். மேற்பார்வையாளர் தம்பி, உங்கள் ஜாகாவுக்கு ஓய்வு நாள் எது என்று கேட்டுச் சொல்லுங்கள். அவர் மலாயில் பேசட்டும், நான் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்கிறேன். அன்று காலை மேசைக்கு அடியில் எப்படி மண்டியிட்டாரோ, அதையே வகுப்பில் ஒருமுறை செய்து காட்டினால் போதும். பொறியியலாளர் ஐயா இரண்டு சிறிய வீடுகளுக்குச் செங்கல் தருவதாகத் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். ஆட்டுவதற்குச் சக்கரம் வைத்த மேடை ஒன்று எவரிடமாவது இருக்கிறதா?