புதுப்பிப்பு: பிரஷ் இல்லாமல் ஷேவிங், கழுத்து எரிச்சல் நின்றது

பிரஷ் இல்லாமல் கையால் ஷேவிங் கிரீம் போட்டால் நுரை நிற்பதில்லை, கழுத்தெல்லாம் எரிச்சல் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது சரியாகிவிட்டது.

குறை கிரீமில் இல்லை, தண்ணீரில். எங்கள் வீடு குளச்சல் பக்கம், கடலோரம். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. இந்த மாதிரி கடின நீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும், நுரை எழும்பாது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு செம்பு குழாய்த் தண்ணீர் பிடித்துவைத்து ஷேவ் செய்தேன். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது.

குளித்து முடித்த கையோடு, முகம் ஈரமாக இருக்கும்போதே, பட்டாணி அளவு கிரீமை உள்ளங்கையில் நாலைந்து சொட்டு நீர் விட்டுக் குழைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்க்கிறேன். அப்புறம் 2 நிமிடம் விட வேண்டும், முடி ஊறி மிருதுவாவதற்கு. அவசரப்பட்ட அன்று எரிச்சல் திரும்பி வந்தது. முடி வளரும் திசையில் மட்டுமே மழிக்கிறேன்.

எதிர்பாராதது ஒன்று: தேங்காயெண்ணெய் தடவி மழிக்கலாம் என்று பதிலில் வந்த யோசனையையும் செய்து பார்த்தேன். நன்றாகவே வழுக்குகிறது, ஆனால் மூன்று பிளேடு ரேசரின் இடுக்கில் எண்ணெயும் முடியும் அடைத்துக்கொண்டன. ஒற்றை பிளேடு ரேசரில் அந்தத் தொல்லை இல்லை.