ஜாங்கோ பிளகினுக்குள் தானாக முளைக்கும் மைக்ரேஷன்: வழி சொல்லுங்கள்

ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். தோட்டத்துக் கொழுந்து நிறுவையைப் பதிய, ஜாங்கோ என்ற பைதன் வலைச் சட்டகத்துக்கு ஒரு பிளகின் செய்து, போன மாதம் திறந்த மூலமாக வெளியிட்டேன். ஜாங்கோ 4.2, பைதன் 3.11.

நிறுவியவர்கள், மைக்ரேஷன் (தரவுத்தள அட்டவணையை மாற்றும் கோப்பு) எழுதும் மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையை ஓட்டினால், என் பிளகினின் கோப்புறைக்குள்ளேயே 0002 என்று புதுக் கோப்பு வருகிறது. அதில் ஒவ்வொரு பதிவின் ஐடியும் பிக்ஆட்டோஃபீல்டாக (தானாகக் கூடும் எண், பெரிய அளவு) மாறுகிறது. என் 0001இல் இருப்பது வெறும் ஆட்டோஃபீல்ட் (அதன் சிறிய அளவு). என் கணினியில் இது வரவே இல்லை, அதனால்தான் கோட்டைவிட்டேன்.

அவர்களுடைய செட்டிங்ஸில் ஐடியின் இயல்பு வகையை ஆட்டோஃபீல்டாக மாற்றச் சொன்னேன். மற்ற ஆப்களும் மாறிவிடுமே என்றார்கள், நியாயம்தான். அப்புறம் என் ஆப்கான்ஃபிக்கில் (என் பிளகினுக்கு மட்டுமான அமைப்பு) ஆட்டோஃபீல்ட் என்று எழுதினேன். புதிதாக நிறுவுபவர்களுக்குச் சரி. ஆனால் 0002ஐ ஏற்கெனவே ஓட்டிவிட்ட இருவருக்கு இப்போது 0003 முளைக்கிறது!

ஆட்டோஃபீல்டிலேயே நிற்பதா, இல்லை பிக்ஆட்டோஃபீல்டுக்கு நானே ஒரு 0002 வெளியிடுவதா, எது அந்த இருவரின் தரவைக் கெடுக்காது?