ஈயமும் பித்தளையும்

பெரிய மாமா: [பலமுறை பகிரப்பட்டது] ஊருக்கெல்லாம் இனப்படுகொலை பாடம் நடத்தும் ஜெர்மனியே, நமீபியாவை மறந்துவிட்டாயா?

பெரிய மாமா: எவ்வளவு உண்மை பாருங்கள். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

சித்தி: நமீபியாவில் என்ன அண்ணா நடந்தது? எனக்கு ஹிட்லர் கதை மட்டும்தான் தெரியும்.

நான்: அதற்கும் முப்பது வருடம் முன்னால் சித்தி. ஆப்பிரிக்காவின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் நாடு. 1904இல் அது ஜெர்மனியின் காலனி. நிலம் பறிபோகிறதே என்று ஹெரேரோ மக்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். வாட்டர்பெர்க் சண்டைக்குப் பிறகு அவர்களை ஒமாஹேகே பாலைவனத்துக்குள் விரட்டிவிட்டு, தண்ணீர் கிடைக்கும் இடங்களில் காவல் போட்டார்கள். அக்டோபர் 2 அன்று தளபதி ஃபான் ட்ரோத்தா எழுத்திலேயே உத்தரவு போட்டார்: துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லைக்குள் தென்படும் ஹெரேரோவைச் சுட வேண்டும்.

நான்: அப்புறம் அங்கே இருந்த இன்னொரு இனமான நாமா மக்களையும் விடவில்லை. நமீபியக் கடற்கரையில் உள்ள சுறாத் தீவில் ஒரு முகாம். செத்தவர்களின் தலைகளிலிருந்து உடைந்த கண்ணாடிச் சில்லால் சதையைச் சுரண்டும் வேலையை, அங்கே கைதியாக இருந்த பெண்களுக்கே கொடுத்தார்கள். மண்டையோடுகள் ஆராய்ச்சிக்கென்று ஜெர்மனிக்குப் போயின. 2011இல்தான் திருப்பிக் கொடுக்கவே ஆரம்பித்தார்கள்.

சித்தி: ஐயோ. சொந்தக்காரர் தலையாகக்கூட இருந்திருக்குமே.

அம்மா: சாப்பிடும் நேரத்தில்தான் இதையெல்லாம் எழுதுவாயா?

பெரிய மாமா: அதனால்தான் கேட்கிறேன், அவர்களுக்கு வாய் திறக்க என்ன யோக்கியதை?

அண்ணன்: மாமா, இதே கேள்வியை 2016இல் துருக்கி அதிபர் எர்டோகான் கேட்டார். ஜூன் 2 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம், 1915இல் துருக்கியின் ஒட்டோமான் ஆட்சியில் ஆர்மீனியருக்கு நடந்தது இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டது. துருக்கி உடனே தன் தூதரைத் திரும்ப அழைத்தது. முதலில் ஹோலோகாஸ்டுக்கும் (ஹிட்லர் ஆட்சியின் யூதப் படுகொலை) நமீபியாவுக்கும் கணக்குச் சொல்லுங்கள் என்றார் எர்டோகான். ஹெரேரோ மேல் அவருக்கு என்ன பாசம்? பேச்சை மாற்றத்தான்.

பெரிய மாமா: பாசம் இல்லாதவன் கேட்டால் கேள்வி பொய்யாகிவிடுமா?

அண்ணன்: ஆகாது. நமீபியா உண்மை என்பதால் ஆர்மீனியாவும் பொய்யாகாது, அவ்வளவுதான்.

நான்: மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆர்மீனியத் தீர்மானத்தில், முதல் உலகப் போரில் துருக்கியின் கூட்டாளியாக இருந்த தங்கள் பங்கையும் ஒப்புக்கொண்டார்கள். அது நல்ல விஷயம். ஆனால் நமீபியா என்று வந்தால், இனப்படுகொலைக்கு எதிரான 1948 ஐ.நா. ஒப்பந்தம் அதற்கு முந்தைய சம்பவத்துக்குப் பொருந்தாது என்று பல வருடம் சட்டம் பேசினார்கள். 1915 என்ன, 1948க்கு அப்புறமா வந்தது?

பெரிய மாமா: அப்படிப் போடு!

நான்: 2021 மே மாதம் ஒப்புக்கொண்டபோதும் ‘இன்றைய பார்வையில்’ இனப்படுகொலை என்று ஒரு வால். 30 வருடத்தில் 110 கோடி யூரோ தருவார்களாம், ஆனால் அதை இழப்பீடு என்று சொல்லக் கூடாதாம். எங்களை உட்காரவைத்துப் பேசாமல் என்ன ஒப்பந்தம் என்று ஹெரேரோ, நாமா தலைவர்கள் பலர் மறுத்துவிட்டார்கள்.

சித்தி: எனக்குக் குழப்பமாக இருக்கிறது. பழைய பாவம் இருந்தால் கூடுதலாகப் பேச வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா?

அண்ணன்: ஜெர்மனிக்கே அந்தக் குழப்பம்தான் சித்தி. காஸா விஷயத்தில் தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மேல் இனப்படுகொலை வழக்குப் போட்டதல்லவா? ஹோலோகாஸ்ட் நடத்திய நாடு என்ற பொறுப்பைக் காட்டியே ஜெர்மனி அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது, இஸ்ரேலுக்கு ஆதரவாக வழக்கில் தலையிடப் போவதாகவும் அறிவித்தது. தேதி 2024 ஜனவரி 12. ஹெரேரோ எழுச்சி தொடங்கியதும் 1904 ஜனவரி 12தான்.

அண்ணன்: அப்போதைய நமீபிய அதிபர் ஹாகே கெயிங்கோப் கொதித்துவிட்டார். எங்கள் மண்ணில் செய்ததற்கே நீங்கள் இன்னும் முழுதாகப் பரிகாரம் செய்யவில்லை என்றார்.

அம்மா: எர்டோகான் கேட்டதும் இவர் கேட்டதும் ஒன்றுதானே?

நான்: கேள்வி ஒன்றுதான் அம்மா. அவர் தன் மேல் விழுந்த பழியைத் தள்ளிவிடக் கேட்டார். இவர் செத்தவர்கள் வீட்டுக்காரர்.

பெரிய மாமா: சரி, என் ஃபார்வர்டு இதில் எந்த வகை?

அண்ணன்: யார் எழுதியது என்றே தெரியாதே மாமா.

சித்தி: அந்தச் சுறாத் தீவில் இப்போது என்ன இருக்கிறது?

நான்: நினைவுக் கல் இருக்கிறது சித்தி. பக்கத்திலேயே சுற்றுலாக்காரர்கள் கூடாரம் போட்டுத் தங்கும் இடமும் இருக்கிறது.

அம்மா: அங்கேயா தூங்குகிறார்கள்?