வாய் அசைகிறது, மூச்சு இல்லை: சிபிஆர் கற்றுக்கொடுத்தவர்களும் செய்தவர்களும் சொல்வது

முதலுதவிப் பயிற்சி கொடுப்பவன் நான், மருத்துவன் அல்லன். கற்றுக்கொடுப்பது சிபிஆர்: இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி இரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவி. அலுவலகம், அடுக்குமாடிக் குடியிருப்பு, உடற்பயிற்சிக் கூடம் என்று யார் கூப்பிட்டாலும் அழுத்திப் பழகுவதற்கான பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள், மறுகையை அதன்மேல் கோத்துக்கொள்ளுங்கள், முழங்கையை மடக்காதீர்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6-ஐத் தாண்டாமலும், ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழட்டும். கைவேலை இவ்வளவுதான். அரை மணி நேரத்தில் பெரும்பாலோருக்குப் பிடிபட்டுவிடுகிறது. புஜபலம் உள்ளவர்களைவிட, உடல் எடையை இறக்கத் தெரிந்த ஒல்லியான பெரியவர்கள் நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

பிடிபடாதது வேறொன்று: கீழே கிடப்பவரின் இதயம் நின்றுவிட்டது என்று முடிவுக்கு வருவது. நாம் நினைப்பதுபோல ஆள் சட்டென்று அசைவற்றுப் போய்விடுவதில்லை. முதல் சில நிமிடங்களில் பலருக்கு வாய் கரையில் போட்ட மீனைப்போலத் திறந்து மூடும்; விட்டுவிட்டுக் கொர்ரென்று ஓர் இழுப்பு வரும். சிலருக்குக் கைகால் சற்று நேரம் வெட்டி இழுக்கும். உடனே ஒருவர் “மூச்சு இருக்கிறது” என்பார், இன்னொருவர் “வலிப்பு” என்பார், எல்லோரும் காத்திருப்பார்கள். அந்த இழுப்பு மூளைத்தண்டின் அனிச்சைச் செயல். அதனால் உடலுக்குப் போதுமான காற்று கிடைக்காது. சிபிஆரும் மின் அதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. அதில் இரண்டு மூன்று நிமிடத்தை இந்தக் குழப்பமே விழுங்கிவிடும்.

அதனால் இப்போது வகுப்பைப் பொம்மையோடு தொடங்குவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே நான் தரையில் விழுந்து அப்படி இழுத்துக் காட்டுகிறேன். முதலில் சிரிப்பு. பிறகு ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு வருவார். இருவர் என்னைத் தூக்கி உட்கார வைக்கப் பார்ப்பார்கள். ஓரமாக ஒரு கைப்பேசி படம் பிடித்துக்கொண்டிருக்கும். எழுந்து உட்கார்ந்து, “இதோ, நான் செத்துவிட்டேன்” என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குப் போவேன். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் அதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம். இதைப் பார்ப்பதற்கு 10 நொடி போதும். ஒருவரை விரல் நீட்டி ஆம்புலன்ஸுக்கு அழைக்கச் சொல்லுங்கள், இன்னொருவரை ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கையடக்கக் கருவி) எடுத்துவர அனுப்புங்கள், நீங்கள் அழுத்தத் தொடங்குங்கள். “நாடி பார்க்க வேண்டாமா?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பதற்றத்தில் தன் நாடியையே அடுத்தவர் நாடி என்று எண்ணிக்கொள்ள முடியும். பொதுமக்களுக்கான வழிகாட்டுதலில் அந்தப் படியை 2000-ஆம் ஆண்டிலேயே எடுத்துவிட்டார்கள்.

———

நான் செய்தது வீட்டில், என் மாமனாருக்கு. மேலே சொன்ன அதே இழுப்புதான். பயிற்சியில் கேட்டிருந்ததால் அடையாளம் தெரிந்தது, தொடங்கிவிட்டேன். ஆரம்பத்திலேயே கைக்கு அடியில் ஏதோ நொறுங்கியது. பொம்மையில் வரும் ‘கிளிக்’ சத்தம் போல இல்லை அது. என் நாத்தனார் “விடுங்கள் அண்ணி, எலும்பு உடைகிறது” என்று கையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை கணவரும் நானும் மாறிமாறி அழுத்தினோம். மாமனார் பிழைக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர், அழுத்தாமல் இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாரோ என்று என் காதுபடவே பேசினார். மருத்துவர் தெளிவாகவே சொன்னார்: வயதானவர்களுக்குச் சரியான ஆழத்தில் அழுத்தினாலே விலா முறிவது சாதாரணம், இதயம் நின்றதால்தான் இறந்தார். இருந்தும் அந்தப் பேச்சு போகவில்லை. பயிற்சி கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிழைத்தவர்களின் கதையை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர், எல்லாம் சரியாகச் செய்தாலும், பிழைப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

———

அவசர அழைப்புகளை எடுக்கும் வேலையில் இருந்தவன். எங்களுக்கு இரண்டே கேள்விகள்: நினைவு இருக்கிறதா? மூச்சு இயல்பாக இருக்கிறதா? இரண்டாவதில் ‘இயல்பாக’ என்பதை அழுத்திக் கேட்போம். “இருக்கிறது, ஆனால் எப்போதாவது ஒரு தடவை…” என்று பதில் இழுபட்டால் எங்களுக்கு அது போதும். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொல்லி, நாங்களே ‘ஒன்று, இரண்டு’ என்று உரக்க எண்ணுவோம்; அவர்கள் கூடவே அழுத்துவார்கள். எதுவுமே கற்காதவர்களும் இப்படிச் செய்துவிடுகிறார்கள். ஆள் மெத்தையில் கிடந்தால்தான் சிக்கல்: அழுத்தம் மெத்தைக்குள் போய்விடும், கீழே இறக்கியாக வேண்டும். “நான் ஏதாவது செய்து ஆகக்கூடாதது ஆகிவிட்டால்?” என்பார்கள். ஆகக்கூடாதது ஆகிவிட்டதால்தானே அழைத்தீர்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

———

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நான். 12 வயதிலிருந்து ஆண்டுக்கு 2 மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கலாம் என்ற யோசனையை உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் ஆதரித்தது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆழம் வருவதில்லை. ஆனால் யாரை அழைப்பது, எப்போது தொடங்குவது என்பதெல்லாம் பெரியவர்களைவிட அவர்களிடம் தெளிவாக இருக்கிறது, வெட்கப்படுவதும் இல்லை. பொம்மையின் முகம் யாருடையது என்று ஒரு மாணவி கேட்டாள். நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் 1960-இல் அறிமுகப்படுத்திய பொம்மை அது. பாரிஸின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண்ணின் முக அச்சைப் பார்த்துச் செய்தது என்றேன். “அப்படியானால் இவளை யாரும் அழுத்தவில்லையா, மிஸ்?” என்றாள்.

———

முதலில் எழுதியவன்தான் மறுபடியும். மாமனாருக்கு அழுத்திய அம்மா, நீங்கள் கேட்டது நியாயம். விலா முறியும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். வீட்டார் பேசப்போவதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. இனிச் சொல்கிறேன்.

யாரும் எழுதாத ஒன்றையும் சேர்க்கிறேன். பொது இடத்தில் விழும் பெண்களுக்கு, ஆண்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு சிபிஆர் கிடைப்பதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வகுப்பில் என் கண்முன்னேயே அது நடக்கிறது: பொம்மைக்குப் பெண்கள் உடையை அணிவித்துக் கொடுத்தால் நன்றாக அழுத்திக்கொண்டிருந்த இளைஞர்கூட கையை எங்கே வைப்பது என்று தடுமாறுகிறார். இடம் ஒன்றேதான், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி. அழுத்துவதற்கு ஆடையைக் களையத் தேவையில்லை. ஏஇடியின் ஒட்டுப்பட்டைகளுக்கு மட்டும் வெறும் தோல் வேண்டும். ஈரமாக இருந்தால் துடைக்க வேண்டும். கருவி தானே இதயத் துடிப்பை ஆராய்ந்து, தேவை இருந்தால்தான் அதிர்ச்சி கொடுக்கும்.

வாய்மேல் வாய் வைத்து ஊத வேண்டுமே என்று தயங்குபவர்களுக்கு: திடீரென விழுந்த பெரியவர்களுக்குக் கையால் அழுத்துவது மட்டுமே போதும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008-இலேயே அறிவித்துவிட்டது. குழந்தைகளும் நீரில் மூழ்கியவர்களும் விதிவிலக்கு; அவர்களுக்கு நின்றது முதலில் மூச்சாக இருக்கும், ஆகவே ஊதத் தெரிந்தவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 முறை ஊத வேண்டும்.

எவ்வளவு நேரம் அழுத்துவது என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். விழுந்தவர் அசைந்து இயல்பாக மூச்சுவிடும்வரை, அல்லது வேறொருவர் பொறுப்பேற்கும்வரை. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைத்த கை ஆழம் போகாது, களைத்தது நமக்குத் தெரியவும் தெரியாது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் பலர் கையை எடுத்துவிட்டு வாசலைப் பார்க்கிறார்கள். வந்தவர்கள் உங்கள் பக்கத்தில் மண்டியிட்டு “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும்வரை எடுக்காதீர்கள்.