தாமதம் கம்ப்யூட்டரிலா, குரலிலா?

"டெஸ்க்டாப் ரொம்ப ஸ்லோ" என்று பார்வையற்ற நம்மவர்கள் புலம்பும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: தாமதம் கம்ப்யூட்டரிலா, குரலிலா? பார்வையுள்ளவர்களுக்கு இந்தக் குழப்பமே வராது, திரையைப் பார்த்தால் தெரிந்துவிடும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைபடிப்பானின் குரலை நம்பும் நமக்கு இரண்டுமே ஒரே மாதிரி மௌனம்தான்.

என் பழைய டெஸ்க்டாப்பில் கீழ் அம்புக்குறியைத் தட்டினால் சத்தமே வராது. பொறுமை போய் இன்னும் இரண்டு தட்டு தட்டினால், தாண்டிப்போன ஃபைல் பெயர்களெல்லாம் அறுந்தறுந்து வந்து விழும். இன்சர்ட்-கியூ கொடுத்து என் திரைபடிப்பானான என்விடிஏவை மூடினேன். விண்டோஸ்-கன்ட்ரோல்-என்டர் அடித்து விண்டோஸோடு வரும் திரைபடிப்பானான நரேட்டரை எழுப்பி, அதே ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தேன். அதுவும் தடுமாறத்தான் செய்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. ஆக, கோளாறு இரண்டு பக்கமும்.

என்விடிஏ பக்கம் சுலபமாக முடிந்தது. அதை மூடும்போது வரும் பெட்டியிலேயே ஆட்-ஆன்களை, அதாவது கூடுதலாகச் சேர்த்த துணை நிரல்களை, முடக்கிவிட்டு மறுபடி தொடங்கும் வசதி இருக்கிறது. அப்படித் தொடங்கியதும் பேச்சு தங்குதடையில்லாமல் வந்தது. எப்போதோ போட்டு மறந்த ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். பிறகு இன்சர்ட்-கன்ட்ரோல்-எஸ் அழுத்தி, விண்டோஸின் பேச்சுக் குரலான ஒன்கோரிலிருந்து ஈஸ்பீக் என்ற இன்னொரு பேச்சுக் குரலுக்கு மாறினேன். ஒன்கோரில் வரும் வள்ளுவர் குரலின் இனிமை ஈஸ்பீக்கில் கிடையாது, தகரத்தில் ஆணி கீறுவது மாதிரிதான் இருக்கும். ஆனால் விரல் பட்டதும் பேசுகிறதே!

உண்மையான சங்கடம் கம்ப்யூட்டர் பக்கம்தான். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ்கேப் அடித்து எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், நான் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் டிஸ்க் 100 சதவீதம் வேலையில் இருந்தது. ஸ்டார்ட்அப் பட்டியலில் வேண்டாததையெல்லாம் முடக்கியதில் ஆன் ஆகும் நேரம் குறைந்தது, அவ்வளவுதான். சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சுழலும் பாகமில்லாத வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கைப் போட்ட பிறகுதான் நிம்மதி. கூடவே 4 ஜிபி ரேமை 8 ஆக்கினேன். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்எஸ்டி என்பேன் (நாம் வேறெப்படிச் சொல்வது!).

*

அண்ணா, டிஸ்க் மாற்றும்போது, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையில் எதுவும் பேசாதே, எப்படிச் சமாளித்தீர்கள்?

என் பங்குக்கு பிரவுசரைச் சொல்கிறேன். பக்கம் முழுவதையும் என்விடிஏ முதலில் தன்னிடம் ஏற்றிக்கொண்டுதான் படிக்கத் தொடங்கும். பக்கம் நீளமாக இருந்தால் திணறத்தான் செய்யும். திறந்து போட்டிருந்த டேப்களை மூடியதுமே எனக்குப் பாதி பாரம் இறங்கியது. விண்டோஸின் விஷுவல் எஃபெக்ட்ஸை (அசைவு, நிழல் போன்ற திரை அலங்காரம்) நிறுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். நிறுத்தினேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

*

பயாஸுக்குள் போக வேண்டியிருந்தால், பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் தம்பி. விண்டோஸைப் புதிதாகப் போடுவதென்றால் செட்டப் திரை வந்ததும் அதே விண்டோஸ்-கன்ட்ரோல்-என்டர்தான், நரேட்டர் வந்துவிடும். நான் அதையும் செய்யவில்லை. பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துப் போட்டேன். என்விடிஏவும் செட்டிங்குகளும் இருந்தபடியே வந்தன.

*

எனக்கு வேகம் சரிதான், ஆனால் முதல் எழுத்து காணாமல் போய்க்கொண்டிருந்தது. "சேமி" என்பது "மி" என்று கேட்கும். கம்ப்யூட்டர்தான் திணறுகிறது என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் புளூடூத் ஹெட்போன், பேச்சு இல்லாத இடைவெளியில் தூங்கிவிடுகிறது. ஒயர் ஹெட்போன் மாட்டியதும் சரியாகிவிட்டது. புளூடூத்தே வேண்டும் என்பவர்கள் புதிய என்விடிஏவின் ஆடியோ அமைப்புகளுக்குள் போங்கள். பேச்சு முடிந்த பிறகு ஒலிக்கருவியை எவ்வளவு நேரம் விழித்திருக்க வைப்பது என்று ஒரு கட்டம் வரும். அதில் 30 நொடி இருக்கும், கூட்டிப் பாருங்கள்.