புதுப்பிப்பு: அம்மாவின் ரூட் கெனாலை ஸ்பெஷலிஸ்டிடமே செய்தோம்

அம்மாவின் மேல் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் (பல்லின் வேருக்குள் இருக்கும் குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பது) செய்ய வேண்டும், வழக்கமாகப் பார்க்கும் பல் டாக்டர் போதுமா, அதற்கென்றே எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு படித்தவரிடம் போகவேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஸ்பெஷலிஸ்டிடமே போனோம்.

குழப்பத்தைத் தீர்த்தவர் எங்கள் பல் டாக்டர்தான். எக்ஸ்ரேயில் ஒரு வேர் நுனியில் வளைந்திருப்பதைப் பேனா முனையால் காட்டினார். "முன்பல் என்றால் நானே செய்துவிடுவேன்மா. இதை மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவர் செய்தால் நல்லது" என்றார். இப்படி வெளிப்படையாகச் சொல்லும் டாக்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர்கள். ஆனால் கன்னப் பக்கத்து முன்வேருக்குள் இரண்டாவதாக ஒரு மெல்லிய குழாய் இருப்பது மிகச் சகஜம். அதைச் சுத்தம் செய்யாமல் மூடினால் உள்ளே கிருமி தங்கி, பிற்பாடு சீழ் பிடிக்கலாம். ஸ்பெஷலிஸ்ட் எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டிவிட்டு, மைக்ரோஸ்கோப்பில் பொறுமையாகத் தேடினார். குழாய் இருந்தது. திரையில் எனக்கும் காட்டினார், ஊசி குத்தியது போல ஒரு கரும்புள்ளி.

செலவு கூடுதல்தான். ஆனால் ஒரே வேர் உள்ள, சிக்கலில்லாத பல்லுக்கு அனுபவமுள்ள பொது டாக்டரே தாராளமாகப் போதும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அப்புறம், பல்லின் மேல் மாட்டும் கேப்புக்கு (உறைக்கு) எங்கள் டாக்டரிடமே அளவு கொடுத்தாயிற்று. அது வரும்வரை அந்தப் பக்கம் கடினமானது எதையும் மெல்லக்கூடாதாம்.