மிரர் போட்ட பாகத்தில் போல்ட் ஏறவில்லை: உங்களுக்கும் நடந்ததா?

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு சிறிய வேர்க்ஷொப்பில் வரைபட வேலை செய்கிறேன். போன மாதம் நடந்ததை எழுதி வைக்கிறேன், யாருக்காவது ஒரு நாள் வேலை மிச்சமாகும்.

லொறி ஒன்றுக்கு இடம், வலம் என்று ஒரு சோடி பிளாஸ்டிக் மூடிகள் வேண்டியிருந்தது. இடது மூடியை ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் சொலிட்டாக, அதாவது முப்பரிமாண உருவாகச் செய்தேன். 3டி பிரிண்டில் எடுக்கப் போவதால், போல்ட் துளைக்குள் எம் 20 (20 மில்லிமீற்றர் போல்ட்டுக்கான) திரெட்டையும், அதாவது புரியையும், 2.5 மில்லிமீற்றர் பிட்ச் (ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) வைத்து, ஹீலிக்ஸ் என்ற சுருள் கோட்டில் சுற்றி உண்மையாகவே வெட்டினேன். வெளிப்பக்கம் பாக இலக்கத்தையும் பொறித்தேன். அப்புறம் கண்ணாடிப் பிம்பம் எடுக்கும் மிரர் 3டி கட்டளை, மூன்று புள்ளிகளால் கண்ணாடித் தளம், பழையதை அழிக்கவா என்றதற்கு ‘இல்லை’. வலது மூடி தயார்.

இலக்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலமாகப் புரண்டு தெரிந்தது. எழுத்து புரளாமல் இருக்க மிர்டெக்ஸ்ட் அமைப்பை 0 என்றுதானே வைத்திருந்தேன் என்று யோசித்தேன். அந்த அமைப்பு எழுத்தாக இருக்கும் எழுத்துக்கு மட்டுந்தான். சொலிட்டில் வெட்டிய பிறகு அது எழுத்தல்ல, வெறும் பள்ளம். அதைத் திருத்திவிட்டு பிரிண்டுக்கு அனுப்பினேன். துளைக்குள் பார்க்கவே இல்லை.

வந்த வலது மூடியில் போல்ட் ஒரு சுற்றுக்கூட ஏறவில்லை. பிளாஸ்டிக் சுருங்கியிருக்கும் என்று நினைத்து அரை மணித்தியாலம் சுரண்டினேன். எங்கள் பாஸ் இரண்டையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தம்பி, இது அசெட்டிலின் சிலிண்டர் நட் மாதிரி. மற்றப் பக்கம் சுத்தினால்தான் ஏறும்” என்றார். ஒட்சிசனோடு மாறிவிடக் கூடாதென்று அந்த நட்டுக்கு இடது திரெட் வைப்பார்கள். நானோ தெரியாமல் அதையே செய்து வைத்திருக்கிறேன்.

இடம்புரிச் சங்கைக் கண்ணாடியில் காட்டினால் வலம்புரி தெரியும். ஆனால் கையில் இருக்கும் இடம்புரியை எப்படித் திருப்பினாலும் அது வலம்புரி ஆகாது. திரெட்டும் அப்படித்தான். மிரர் போடும்போது பிறப்பது இன்னொரு பாகம், பழையதைத் திருப்பி வைத்தது அல்ல.

இப்போது உடம்பை மட்டும் செய்து மிரர் போடுகிறேன். திரெட், எழுத்து இரண்டையும் அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக வெட்டுகிறேன். நேரம் கொஞ்சம் கூடத்தான் போகும். இதே மாதிரி அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மறுமொழி

அண்ணா, நான் சமையலறை அலுமாரி வரைகிறேன். இங்கே தொடர்மாடிகளில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்தான். அதனால் ஒரு வீட்டின் சமையலறையை முழுதாகப் பிடித்து மிரர் போட்டேன், ஃபிரிட்ஜ் உட்பட. படத்தில் ஃபிரிட்ஜ் கதவு இடது பக்கக் கீலில் அழகாகத் திறந்தது. கடையில் வாங்கி வந்த ஃபிரிட்ஜுக்குக் கீல் வலப்பக்கம். கதவு சுவரில் முட்டி, பாதிதான் திறந்தது. அந்த அம்மாவின் முகத்தை இன்னும் மறக்கவில்லை. ஒரு அலுமாரியைக் கழற்றி இடம் மாற்றிக் கொடுத்தோம், கூலி வாங்கவில்லை. நாங்கள் செய்கிற பலகையைப் புரட்டலாம், கடையில் வாங்குகிற சாமானைப் புரட்ட முடியாது. இப்போது அடுப்பு, ஃபிரிட்ஜ், குழாய் எல்லாம் தனி லேயரில் (வரைபடத்தின் தனி அடுக்கில்) இருக்கும். மிரர் போடும்போது அந்த லேயரைப் பூட்டி விடுவேன்.

தெமட்டகொடையிலிருந்து

எனக்கு வேறு விதமான அடி. சொலிட்டை மிரர் போட்ட பிறகு இடது பக்கத்தில் ஒரு துளையை 6 மில்லிமீற்றர் நகர்த்தினேன். வலது தானாக மாறும் என்று நம்பினேன். ஓட்டோகேட்டில் அந்த இரண்டு சொலிட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பழைய துளையோடு தகடு வெட்டுப்பட்டு வந்தது. ஃப்ரீகேட் என்ற இன்னொரு வரைபட மென்பொருளில் பார்ட் மிரர் கட்டளை போட்டால் மூலத்தை மாற்றும்போது பிம்பமும் மாறும். சோடி வேலைகளை இப்போது அதில்தான் செய்கிறேன்.

பதிவிட்டவர்

ஃப்ரீகேட் விஷயத்துக்கு நன்றி, இந்தக் கிழமையே போட்டுப் பார்க்கிறேன். லேயரைப் பூட்டுகிற யோசனையும் நல்லது.

ஒன்று சேர்க்க வேண்டும். திரெட்டையும் சேர்த்தே மிரர் போட வேண்டிய வேலையும் உண்டு. நேற்று ஒருவர் சைக்கிள் கிராங்க் (பெடல் பூட்டும் தண்டு) ஒரு சோடி கொண்டு வந்தார். இடது பெடல் ஏறும் துளைக்கு இடது திரெட்தான், இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடும். அதற்கு வலது கிராங்கைத் திரெட்டோடு அப்படியே மிரர் போட்டேன். பிரிண்ட் எடுத்த மாதிரியில் பழைய இடது பெடலைப் பாஸ் ஏற்றிப் பார்த்தார். கடைசிச் சுற்றுவரை போனது.